பத்து ரூபாய்த் தூரத்தில் ஒரு பட்டணம்



தாம்பரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் ஒரு கணவனும் மனைவியும், சோற்றுப் பொட்டலத்தையும் தண்ணீரையும் பையில் எடுத்துக்கொண்டு சென்னையைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். எங்கள் பேரப்பிள்ளைகளும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் பட்டணத்துக்கு அருகில் வாழ்வதும் பட்டணத்தைப் பார்த்திருப்பதும் ஒன்றல்ல என்பதை, புறநகரில் குடும்பம் நடத்தும் சகோதரிகள் அறிவார்கள்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மின்சார ரயில் போவது தெரியும். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நாங்கள் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் கூத்தாநல்லூரிலிருந்து இங்கே வந்தது 2003ஆம் ஆண்டில். அப்போது மீட்டர் கேஜ் பாதையில் பழைய சிறிய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறு ஆண்டில் அவை நின்று, அகலப் பாதை வண்டிகளே எல்லாமும் ஆயின. 2021இல் தாம்பரம் தனி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. இத்தனை மாற்றங்களையும் பார்த்த நான், பட்டணத்துக்குள் போனதெல்லாம் மருத்துவமனைக்கும், மகள் திருமணத்துக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்கும்தான்.

என் கணவர் தம்மாமில் உத்தியோகம் பார்த்தவர். முதன்முதலாகச் சபர் புறப்பட்டது 1993ஆம் ஆண்டில். முற்றாகத் திரும்பி வந்தது 2018இல். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார். அந்த இரண்டு மாதங்களும் உறவினர் வீட்டு விருந்துகளிலும், பிள்ளைகளின் பள்ளி விவகாரங்களிலும், வீட்டு மராமத்திலும் கரைந்துவிடும். "ஒரு நாள் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்து வருவோமே" என்று நான் கேட்கும்போதெல்லாம், "பட்டணம் பணத்தைத் தின்னும். இருக்கிற செலவு போதாதா?" என்பார். சிக்கனமானவர், குடும்பத்துக்காக உழைப்பவர், அவரை வற்புறுத்தக்கூடாது என்று நானும் விட்டுவிடுவேன். அவர் வேலையை விட்டுத் திரும்பிய பின்னும் அதே கேள்வியும் அதே பதிலும் தொடர்ந்தன.

எங்கள் பயணத்துக்குக் காரணமாக அமைந்தவள் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பள்ளியில் நம் வட்டாரத்து வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருந்தார்களாம். "நன்னி, பல்லாவரத்தில் ஒரு கற்கோடரி கிடைத்ததாமே, எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதையெல்லாம் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் பார்த்ததில்லை என்றேன். "ராதாவாவது பார்த்திருக்கிறார்களா?" என்று பாட்டனாரிடம் திரும்பினாள். அவரும் தலையை அசைத்தார். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழுதப் போய்விட்டாள். அன்று இரவு அவராகவே, "சரி, ஒரு நாள் போய் வருவோம். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஒரு காசு போகக்கூடாது" என்றார்.

மகன் வாடகைக் கார் அமர்த்தித் தருவதாகச் சொன்னான். அவர் ஒப்பவில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தத் தடத்தில் குளிரூட்டப்பட்ட மின்சார ரயில் விட்டிருக்கிறார்கள், அதிலாவது போங்கள் என்றான். "சாதாரண வண்டியில் கடற்கரை வரைக்கும் பத்து ரூபாய். அதில் போனால் பல மடங்கு. தை மாதக் காற்று இலவசமாக வீசுகிறது, அது போதும்" என்று கூறிவிட்டார். முதலில் வெள்ளிக்கிழமை போய், ஜும்ஆவைப் பெரிய பள்ளிவாசலில் தொழலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகையால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், நம்மவர்கள் பலரும் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு அங்கே போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டோம். அலுவலகக் கூட்டத்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் நின்றுகொண்டே வந்தார். பல்லாவரம் வந்ததும், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மட்டுமே நான் அறிந்திருந்த அந்த ஊரை அன்று வேறு கண்ணோடு பார்த்தேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் அங்கேதான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர்கள் நம் நாட்டில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுவே முதற்சான்றாக அமைந்தது. அடுத்து திரிசூலம் நிலையம். எதிரே விமான நிலையம். அவர் சன்னல் வழியாகக் குனிந்து பார்த்து, "இருபத்தைந்து ஆண்டும் எனக்குச் சென்னை என்றால் இந்த வாசல்தான்" என்றார். வந்து இறங்கினால் நேரே தாம்பரம். போகும்போதும் தாம்பரத்திலிருந்து நேரே இங்கே. அதற்கு அப்பால் அவர் கால் வைத்ததில்லை என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பரங்கிமலையைக் கடந்தோம். வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர் இந்திய நாட்டையே அளந்து முடிக்கும் பெரும்பணிக்கான அடிக்கோட்டை 1802ஆம் ஆண்டு அளந்தது இம்மலைக்கு அருகில்தான் என்று மகன் சொல்லியிருந்தான். தினமும் பால்காரனுக்கும் காய்கறிக்காரனுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, இந்த மலைக்கு இப்பால் இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. ஒரு நாள் போதாத இடம். அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், திமிங்கலத்தின் எலும்புக்கூடு என்று கட்டடம் கட்டடமாக விரிந்து கிடக்கிறது. ஃபூட் தம் வாழ்நாளில் திரட்டிய கற்கருவிகளை 1904ஆம் ஆண்டில் இந்த அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. கற்கருவிகள் வைத்திருக்கும் பகுதியில் வெகுநேரம் நின்றோம். உள்ளங்கையில் அடங்கும் கற்கள். இருபுறமும் செதுக்கிக் கூராக்கியவை. "இறைச்சி அரிய எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் பாருங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பேத்திக்காகத் தம் கையேட்டில் ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டார். அவருக்கு வரையத் தெரியும் என்பதை முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அன்றுதான் அறிந்தேன்.

அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினோம். 2021ஆம் ஆண்டில் இவ்வகைப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கினார்கள் அல்லவா? நடத்துநர் எனக்கு விலையில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவரிடம் மட்டும் காசு வாங்கினார். "இன்றைக்கு என்னால்தான் உங்களுக்குச் செலவில்லை" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பேருந்து திருவல்லிக்கேணிக்குள் நுழைந்ததிலிருந்தே அவர் முகம் மாறியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

பெரிய பள்ளி என்று நாம் சொல்லும் வாலாஜா பள்ளிவாசல், ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தாரால் 1795இல் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே எழுப்பியதாகக் கூறுவர். அதில் பொறித்துள்ள, ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் நவாபின் செயலாளராக இருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகன். கண்ணியமிக்க காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் 1972ஆம் ஆண்டில் மறைந்தபோது நல்லடக்கம் செய்யப்பட்டதும் இந்த வளாகத்தில்தான்.

பாங்கு ஒலித்தது. அவர் உள்ளே போனார். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் எங்கள் அண்டை வீட்டாரின் மகளிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தேன். அவள் வீட்டில் நான் லுஹர் தொழுது, அவள் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். வெளியூர் போகும் சகோதரிகள் தொழுகைக்கான இடத்தை இவ்வாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் நாள் முழுவதும் மனம் நிம்மதியாக இருக்கும்.

நான் திரும்பி வந்தபோது தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அவர் மட்டும் வெளியில் ஓரமாக அமர்ந்து பள்ளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்தேன்.

"இந்த இடத்தில் நான் பதினொரு நாள் இருந்திருக்கிறேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

வாசகர்களே, அவர் கூறியதை இங்கே சுருக்கித் தருகிறேன். 1993ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் அவர் கூத்தாநல்லூரிலிருந்து புறப்பட்டார். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்திருந்தோம். மறுநாளே விமானம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் பட்டணத்தில் அந்த முகவர், இன்னும் விசா வரவில்லை, நாளை வா, நாளை வா என்று அலைக்கழித்திருக்கிறார். பின்னர் மேற்கொண்டும் பணம் கேட்டிருக்கிறார். ஊருக்குத் திரும்பினால் ஊர் சிரிக்கும். கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றால் வீட்டில் அடகு வைக்க ஒன்றுமில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஊர்க்காரர் அறையில் இரவில் படுக்க மட்டும் இடம். அறைக்கு உரியவரும் கடனில் இருந்தவர். பகலில் அங்கே இருக்க இவருக்கு மனமில்லை. காலையில் முகவர் வாசலில் நிற்பது, பிறகு இந்தப் பள்ளிவாசலில் வந்து அமர்வது என்று நாட்கள் போயின.

"நோன்பு மாதமாக இருந்தது நல்லதாயிற்று. பகலெல்லாம் நான் சாப்பிடாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சஹருக்கு ஒரு பன்னும் தண்ணீரும். நோன்பு திறக்க இங்கே வயிறாரக் கிடைத்துவிடும்" என்றார்.

ரமளான் மாதத்தில் இப்பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவோருக்கு, மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் என்னும் அமைப்பைச் சேர்ந்த இந்து அன்பர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறி வருகிறார்கள் என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் செய்தியை நானும் பத்திரிகையில் படித்து வியந்ததுண்டு. அந்த வரிசையில் என் கணவரும் அமர்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதே நாட்களில் நான் கூத்தாநல்லூரில் நோன்புக் கஞ்சியைக் குடித்தபடி, "இந்நேரம் உங்கள் மகன் தம்மாமில் நோன்பு திறந்திருப்பார்" என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பிறகு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தம் இடது மணிக்கட்டைத் தடவினார். "மாமா கொடுத்த கடிகாரத்தை விற்றேன். குறைந்ததை அறைக்காரர் கடன் வாங்கித் தந்தார்."

அந்தக் கடிகாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் நிக்காஹின்போது என் தகப்பனார் தம் சக்திக்கு மீறி வாங்கிக் கொடுத்தது அது. முதல் விடுப்பில் அவர் வெறுங்கையுடன் வந்தபோது, தம்மாமில் தொலைந்துவிட்டதாகச் சொன்னார். நான் விடவில்லை. "என் வாப்பா கொடுத்த பொருள் என்பதால்தானே அலட்சியம்" என்று சுடுசொல் கூறினேன். என் தகப்பனாரும் மருமகன் பொறுப்பற்றவர் என்ற மனக்குறையோடுதான் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பழியை இந்த மனிதர் வாய் திறவாமல் சுமந்திருக்கிறார்.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொன்னால் நீ அழுவாய். மாமா மறுபடியும் கடன் வாங்கி அனுப்புவார். அதற்குப் பின் சொல்ல வேண்டிய நேரம் தாண்டிப் போய்விட்டது. இந்த ஊருக்கு உன்னை அழைத்து வந்தால் சொல்ல வேண்டி வரும் என்றுதான் செலவு, செலவு என்று தட்டிக் கழித்தேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது யோசித்தால் எத்தனையோ தோன்றுகிறது. அப்போது என்னால் முடிந்ததெல்லாம் பொட்டலத்தைப் பிரித்து, அவருக்கு முட்டையை உரித்துக் கொடுத்ததுதான். உண்டு முடித்த பின், "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். "நீ என்னை மன்னித்துக்கொள்" என்றார். இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

பின்னர் வாலாஜா சாலை வழியே மெல்ல நடந்தோம். சேப்பாக்கம் அரண்மனையைச் சாலையிலிருந்தே பார்த்தோம். 1768இல் நவாப் முகம்மது அலிக்காக எழுந்த மாளிகை அது. அவர் ஆங்கிலேயரிடம் வாங்கிய கடன்கள் அவ்வளவு பெயர் பெற்றவை. 1785ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அவற்றைப் பற்றி நீண்டதோர் உரையே நிகழ்த்தினார். 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டு, அரண்மனையும் அரசின் கைக்குப் போய்விட்டது. 2012ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதியில் தீப்பிடித்து, பின்னர் புதுப்பித்திருக்கிறார்கள். "பார், நவாபுக்கும் கடன்தான்" என்றார் அவர். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. எனக்கு உயிர் வந்தது.

அஸரை அந்த மகள் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மெரினாவின் நடைபாதையை அமைத்து அதற்கு அப்பெயரையும் இட்டவர் 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் துரை. கலங்கரை விளக்கம் 1977இல் செயல்படத் தொடங்கியது. நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2013 நவம்பரில் பொதுமக்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. மின்தூக்கி இருப்பதால் மூட்டுவலி உள்ளவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. மேலே நின்றபோது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நகரமும் எல்லையில்லாமல் விரிந்திருந்தன. கீழே மணலைச் சுட்டிக்காட்டி, "அறையில் தூக்கம் வராத இரவுகளில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பேன். இந்த வெளிச்சம் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே ஏறிப் பார்ப்பேன் என்று அன்று நினைக்கவில்லை" என்றார். காற்று பலமாக வீசியது. நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, கையை எடுக்கவில்லை.

இருட்டும் முன் பறக்கும் ரயிலில் கோட்டை நிலையம் வந்து, அங்கிருந்து தாம்பரம் வண்டியைப் பிடித்தோம். வீடு வந்ததும் அவர் கணக்கு எழுதினார். ரயில், பேருந்து, நுழைவுச் சீட்டுகள், தேநீர், சுண்டல், பேத்திக்கு ஒரு பொம்மை எல்லாம் சேர்த்து 412 ரூபாய். மீதி 88 ரூபாயைப் பெருமையோடு என்னிடம் நீட்டினார். கற்கோடரியின் படத்தைப் பார்த்த பேத்தி, "ராதா, இதை நீங்களா வரைந்தீர்கள்?" என்று நம்பாமல் கேட்டாள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இந்தச் செய்தியை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. என்னைப் போல் வாயை மூடிக்கொண்டிருக்கும் நாலு பேராவது படிக்கட்டும்" என்றார். நம் சமுதாயத்தில் வெளிநாட்டுப் பணத்தால் கட்டிய வீடுகள் ஏராளம். அந்தப் பணம் புறப்பட்ட வழியை அறிந்த மனைவிமார் எத்தனை பேர்? கணவர் அனுப்பியதற்கு நாம் கணக்கு வைத்திருக்கிறோம். அவர் அனுப்பாமல் மறைத்ததைக் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் நேரம் வாய்ப்பதில்லை. அடுப்பும் பிள்ளைகளும் தொலைக்காட்சியும் குறுக்கே வந்துவிடுகின்றன. வெளியே ஒரு நாள், இருவர் மட்டும், அவசரமில்லாமல் நடந்தால் வாய் திறக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டியதில்லை. விரயம் கூடாது என்ற கவலை உள்ளவர்கள், எங்களைப் போல் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்ததாக வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார். 1985இல் திறந்த பூங்கா, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதையும் சேர்ந்து பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை என்பதால் புதன்கிழமை என்று குறித்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அந்த 88 ரூபாயை அதற்கென எடுத்து வைத்திருக்கிறேன்.